இருபத்து நான்கு கௌபி



இந்தப் பாடத்துக்குப் புத்தகமும் பேனையும் தேவையில்லை. வீட்டில் கௌபி இருந்தால் 24 விதைகளை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விதை ஒரு மணித்தியாலம். 24ம் சேர்ந்தால் ஒரு நாள். துரைக்கும் 24தான், கங்காணிக்கும் 24தான், கொழுந்து எடுக்கிற அக்காவுக்கும் 24தான். ஒரு விதையைக்கூட யாரும் கூட்டவும் முடியாது, கடன் வாங்கவும் முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு லயத்து வாசலில் சாக்கை விரித்து இதைச் செய்து பார்த்தோம். எந்தத் தோட்டம், யார் வீடு என்று சொல்லமாட்டோம். சொன்னாலும் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் அது உங்கள் வீடாகவும் இருக்கலாம்.

முதலில் அம்மா வைத்தார். காலை 7 மணிக்குப் பிரட்டு, பின்னேரம் 5 மணிக்குக் கடைசி நிறுவை முடியும். நடுவில் பகல் ஒரு மணித்தியாலம் லயத்துக்கு வந்து போவதைக் கழித்தால் மலைக்கு 9 விதை. விடிய 4 மணிக்கு எழும்பி தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, சின்னவனைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓடுவது 3. பகல் வந்து போகிற 1. அந்தியில் விறகு, சோறு, கறி, துணி என்று 4. ஆக வீட்டுக்கு 8. இரவு 9 மணிக்குப் படுக்கிறார், நித்திரைக்கு 7. கூட்டிப் பாருங்கள்: 9, 8, 7. கை காலி.

“அக்கா, சாப்பாட்டு நேரத்தை எங்கே வச்சீங்க?” என்று கேட்டோம்.

“அது வேலையோட வேலையா நடக்கும் மிஸ். நின்னுக்கிட்டே வாயில போட்டுக்கிறதுதான்.”

“உங்களுக்குன்னு ஒரு நேரம்?”

“எனக்குன்னா? அதெல்லாம் ஏது!” என்று சிரித்தார். சுற்றியிருந்த பெண்களும் சிரித்தார்கள்.

அடுத்து அப்பா. அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். கொடுத்த கணக்கை முடித்தால் பகல் 1 மணிக்கு வீடு. ஆகவே மலைக்கு 6, நித்திரைக்கு 8, விறகு பிளக்க 1, மரக்கறிப் பாத்திக்கு 2 என்று வைத்தார். கையில் 7 விதை மிச்சம். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். “கடைப்பக்கம் ஒரு குமி வைங்க அண்ணே!” என்று பின்னால் யாரோ ஒரு பொடியன் சொன்னான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம்தான், ஏனென்றால் அவர் சும்மா இருக்கிற மனிதர் இல்லை. கவ்வாத்துக் கத்தியோடு 6 மணித்தியாலம் நின்ற தோளுக்கு ஓய்வு வேண்டும். ஓய்வு எடுப்பது குற்றம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒரே வீட்டில் ஒருவர் கையில் 7ம் இன்னொருவர் கையில் ஒன்றும் இல்லாமலும் இருப்பதைத்தான் பார்க்கச் சொல்கிறோம். 1984ஆம் ஆண்டிலிருந்து தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம். அந்தச் சமன் மலையோடு நின்றுவிட்டது, லயத்துப் படியேறி உள்ளே வரவில்லை.

மூன்றாவதாக மகளைக் கூப்பிட்டோம். தரம் 8 படிக்கிற பிள்ளை. அவளை யாரும் எதிர்பார்க்கவில்லை, “அது சின்னப்புள்ளதானே” என்றார்கள். பாடசாலைக்குப் போய் வர 8, நித்திரை 8, சாப்பிட்டுக் குளிக்க 2. பிறகு தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் இருந்து கூட்டி வருவது, தண்ணீர், சட்டி பானை கழுவுவது, அரிசி போடுவது என்று 5 விதையை வைத்தாள். கடைசியாக ஒரே ஒரு விதை. அதைப் படிப்புக்கு என்று தனியாக ஒரு மூலையில் வைத்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்குப் பாடசாலையும் இல்லை, போன தவணையில் 14 நாள் போகவில்லை என்று அவளே சொன்னாள்.

அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் பேச்சை நிறுத்தினார்.

நாங்கள் புத்தி சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அப்பாவே தன் கையிலிருந்து 3 விதையை எடுத்தார். இரண்டை மகளின் பக்கம் வைத்தார்: தண்ணீரும் தம்பியைக் கூட்டி வருவதும் இனி அவர் பொறுப்பு. ஒன்றை மனைவியின் பக்கம் வைத்தார்: அவர் மலையால் வருமுன் உலை வைத்து அரிசி போட்டுவிடுவார். துணி துவைக்க மட்டும் மாட்டேன் என்றார். பீலிக்கரையில் ஊரே பார்க்குமாம்.

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தோம். தண்ணீர் எடுக்கிறார், சின்னவனையும் தோளில் தூக்கி வருகிறார். அரிசியும் போடுகிறார், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு! போகட்டும், சோறு வெந்தால் சரி. மகள் ஒரு நாளும் பாடசாலையைத் தவறவிடவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் மூன்று நாள் தவறியிருந்தது. அம்மாவுக்குக் கிடைத்த ஒரு மணித்தியாலத்தை முதலில் என்ன செய்வதென்றே தெரியவில்லையாம், வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பிறகு கீழ் லயத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய் வர ஆரம்பித்திருக்கிறார். இத்தனை வருடமாகத் திருவிழாவுக்கும் சாவுக்கும்தான் அங்கே போனாராம்.

சித்திரை, வைகாசியில் கொழுந்து கூடினால் இந்தக் கணக்கெல்லாம் குழம்பும். ஞாயிறு கைக்காசுக்குப் போகாதீர்கள் என்றும் நாங்கள் சொல்ல முடியாது, கடைக்கடன் எங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிறு, சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, குடும்பத்தில் எல்லாரும் வீட்டில் நிற்கலாமா என்று பேசிப் பாருங்கள்.

கைப்பிள்ளைத் தாய்மாருக்கு ஒரு விசயம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக்காம்பரா இருக்கும் தோட்டத்தில் ஒவ்வொன்றும் 30 நிமிடம். அது சலுகை இல்லை, உங்கள் விதை. 2018இல் வந்த திருத்தத்துக்குப் பின் மூன்றாம் பிள்ளைக்கும் முதற்பிள்ளையைப் போலவே 12 வாரம் லீவு. முன்பு அது பாதிதான். கேட்கத் தயங்காதீர்கள்.

வருகிற ஞாயிறு உங்கள் வாசலிலும் சாக்கை விரியுங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள், அவர்கள் கணக்கைக் கடைசியில் கேளுங்கள். எண்ணி முடிந்ததும் கௌபியைக் கழுவி ஊறப் போடுங்கள், இராத்திரிக்குத் தேங்காய்ப்பூ தூவிச் சாப்பிடலாம். அவிக்கப் போவது யார் என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.