வளவிற் கோழிக்குஞ்சு வளர்த்தல்: ஆதாயமும் இழப்பும்

கமக்காரர்களே,

காரைதீவிலும் அதனை அடுத்த சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களிலும், வயலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான வளவுகளில் நாலைந்து ஊர்க்கோழிகள் மேய்வதைக் காணலாம். அவற்றுக்கென நாம் நிலம் ஒதுக்குவதில்லை. பெரும்பாலும் தீன் வாங்குவதுமில்லை. அடுப்படியிற் சிந்திய சோற்றையும், களத்திற் சிதறிய நெல்லையும், புல்லையும் பூச்சியையும் தின்று அவை நமக்கு முட்டையும் இறைச்சியும் தருகின்றன. வேளாண்மை பொய்த்த போகத்திலும் பள்ளிக்கூடக் கொப்பிக்கும் மருந்துக்கும் வேண்டிய சிறுகாசு வீட்டுப் பெண்களின் கையிற் சேர்வது இவற்றாலேயாகும். ஆயினும் கோழி வளர்ப்போரை வினவினால், "பத்துக் குஞ்சு இறங்கிற்று; இரண்டு மூன்றுதான் மிஞ்சிற்று" என்றே பலரும் கூறுவர். இவ்விழப்பு விதியன்று. இதன் காரணங்கள் சிலவே; அவற்றுட் பெரும்பாலானவற்றைக் கைச்செலவு அதிகமின்றித் தடுக்கலாம். அதனை விளக்குதலே இப்பிரசுரத்தின் நோக்கம்.

நெல்லும் கோழியும்

கோழி நெல்விளையும் நாட்டின் பறவை. தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் முன்னோர். 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, வீட்டுக்கோழியின் எலும்புகளென ஐயமின்றிக் கொள்ளத்தக்கவற்றுள் மிகப் பழையவை தாய்லாந்தின் பான் நொன் வாற் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டவை, அவை கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை. மனிதர் நெல்லும் தினையும் விளைத்துச் சேமித்தமையே காட்டுக்கோழியை ஊருக்குள் இழுத்தது என்பது அவ்வாராய்ச்சியாளர் கருத்து. ஆகவே நெல்லை நாடி வந்த கோழியைப் பேணுதல் கமக்காரருக்குப் புதிய தொழிலன்று, பழைய உறவேயாகும்.

இழப்பின் கணக்கு

இலங்கைக் கிராமக் கோழிகளைப் பற்றி 1993இல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, பொரித்த குஞ்சுகளுள் நூற்றுக்கு 65 பத்து வாரம் நிறையுமுன் இறந்தனவெனக் காட்டிற்று. இதனை உங்கள் வளவுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு கோழி 10 முட்டையை அடைகாத்து 8 குஞ்சு பொரித்ததெனக் கொள்வோம். மேற்படி கணக்கின்படி 5 குஞ்சு மாண்டு 3 மிஞ்சும். நீங்கள் கவனமெடுத்து இழப்பை 2 ஆகக் குறைத்தால் 6 மிஞ்சும். இன்னொரு கோழி வாங்காமலே வருவாய் இரட்டிப்பாகின்றது. ஆதலால், புதிய கோழி வாங்கப் பணம் தேடுமுன் பிறந்த குஞ்சைக் காப்பாற்ற வழி தேடுங்கள்.

பருவமறிந்து அடை வைத்தல்

நமது கரையில் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும். நனைந்த குஞ்சு விறைத்துச் சாகும். ஈரத்தரையில் நோயும் பெருகும். எனவே கார்த்திகை, மார்கழியிற் குஞ்சு பொரிக்கும்படி அடை வைத்தல் நன்றன்று. தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் அடை வைத்தால் 21 நாளில், மாசி மாதத்தை ஒட்டிக் குஞ்சு இறங்கும். அப்பொழுது மழை தணிந்து பெரும்போக அறுவடையும் கிட்டும். குறுணலும் தவிடும் சிந்திய நெல்லும் எளிதிற் கிடைக்கும்.

முட்டை இட்டு 7 நாளுக்கு மேற்படாதவற்றையே அடைக்குத் தெரிதல் வேண்டும். கச்சான் காற்று வீசும் வெப்பமான மாதங்களில், ஈரமணல் இட்ட சட்டியின்மேல் மற்றொரு சட்டியை வைத்து, அதனுள் முட்டைகளைச் சேர்த்து நிழலில் வைத்தால் அவை கெடமாட்டா. வெடித்தவையும், மிகச் சிறியவையும், கோணலானவையும் ஆகா. சிறிய ஊர்க்கோழிக்கு 8 முதல் 10 முட்டை போதும். உடல் பருத்த கோழிக்கு 12 வரை வைக்கலாம்.

இடி முழங்கினால் முட்டை கூழாகும் என அஞ்சி, அடையில் இரும்பாணியும் கரித்துண்டும் வைக்கும் வழக்கம் உண்டு. வைப்பதனாற் கேடில்லை. ஆயினும் முட்டை கூழாவது சேவல் சேராமையாலோ, முட்டை பழமைப்பட்டமையாலோ, கோழி அடிக்கடி எழுந்து போனமையாலோதான். ஏழாம் நாள் இரவில் ஒரு கடதாசியைக் குழலாகச் சுருட்டி, டோச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். கரும்புள்ளியும் அதனைச் சுற்றிச் சிலந்திக்கால் போன்ற நரம்பும் தோன்றினால் கரு உயிருடன் உள்ளது. தெளிவாகத் தோன்றுவதை நீக்கிவிடுங்கள்.

பொரிக்கும் நாள்

முட்டைக்குள்ளிருக்கும் குஞ்சு வெளிவருவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்னரே கீச்சிடத் தொடங்கும். தாய்க்கோழி மறுகுரல் கொடுக்கும். பிள்ளைகளை அழைத்துக் கேட்கச் செய்யுங்கள். கோழி வளர்ப்பில் இதனினும் இனியதொன்றில்லை. ஆனால் ஓட்டை உடைத்து உதவ முற்படாதீர்கள். அந்நேரத்திற் குஞ்சு எஞ்சிய மஞ்சட்கருவைத் தன் வயிற்றினுள் இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு உரித்தாற் குருதி வடிந்து இறக்கும். அம்மஞ்சட்கருவே இரண்டு நாளுக்குக் குறையாத உணவாகும். ஆகவே முதல் நாள் தீனுக்கு அவசரமில்லை. முதலிற் கொடுக்கவேண்டியது தூய நீர். நீரைத் தட்டமான பாத்திரத்தில் வார்த்து, உள்ளே கூழாங்கற்களை இடுங்கள். இல்லையேல் குஞ்சு அதில் விழுந்து மூழ்கும்.

குஞ்சுகளைத் தொட்ட பின்னர் பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும், முத்தமிடலாகாது. நலமாகத் தோன்றும் குஞ்சும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிருமியைச் சுமந்திருக்கக்கூடும்.

முதல் நான்கு வாரம்

குஞ்சின் இறப்பிற் பெரும்பகுதி இக்காலத்திலேயே நிகழும். காகம், செம்பகம், பருந்து ஆகியன பகலிலும், எலி, பாம்பு, மரநாய் ஆகியன இரவிலும் குஞ்சைக் கவரும். கீரியும் பூனையும் நாயும் நேரம் பாரா. இரண்டு வாரம் வரை தாயையும் குஞ்சுகளையும் கரப்பு எனப்படும் கவிழ்கூடையின் கீழோ, வலையடித்த சிறு கூட்டினுள்ளோ வைத்துத் தீன் கொடுங்கள். கூட்டின் அடிப்பகுதிக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வலை வேண்டும். அதனிற் பெரிதாயின் எலி நுழையும். மூன்றாம் வாரத்திலிருந்து, ஆள் பார்த்திருக்கும் வேளையில் மட்டும் சில மணி நேரம் வெளியில் விடலாம். இரவில் நிலத்திலிருந்து உயர்ந்த, கதவுள்ள கூட்டில் அடைத்தல் வேண்டும்.

தாயின்றி வாங்கி வளர்க்கும் ஒருநாட் குஞ்சுகளுக்கு நாமே வெப்பம் கொடுத்தல் வேண்டும். முதல் வாரம் ஏறக்குறைய 35 பாகை செல்சியசும், பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைத்தும் கொடுக்கலாம். 25 குஞ்சுக்கு இழையுள்ள பழைய வகை 60 வாற்று மின்குமிழ் ஒன்று போதும். இக்காலத்து எல்.ஈ.டி. குமிழ் வெளிச்சம் தருமேயன்றிக் குஞ்சுக்கு வேண்டிய வெப்பம் தராது என்பதை மறவாதீர்கள். வெப்பமானி இல்லாவிடினும் குஞ்சுகளே விடை சொல்லும். விளக்கின்கீழ் ஒன்றன்மேலொன்று நெருங்கினாற் குளிர். வாய்பிளந்து விலகி நின்றால் வெப்பம் மிகுதி. ஒரு பக்கமே ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்றடிக்கின்றது. எங்கும் பரவி மேய்ந்தால் எல்லாம் நலம்.

தீன்

முதல் நான்கு வாரமும் கடையில் விற்கும் குஞ்சுத்தீன் சிறந்தது. அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு புரதம் உண்டு. அது கிட்டாவிடின் குறுணல் 4 பங்கு, புதிய தவிடு 2 பங்கு, தேங்காய்ப் புண்ணாக்கு 2 பங்கு, மீன்தூள் 1 பங்கு கலந்து கொடுத்து, கறையானும் நறுக்கிய கீரையும் சேர்க்கலாம். இக்கலவையிற் புரதம் சற்றுக் குறைவாதலின் கறையானைத் தவறாது கொடுத்தல் நன்று. மீன்தூளுக்குக் கரைவலையிற் கழியும் சிறுமீனை உப்பிடாது உலர்த்தி இடித்துக்கொள்ளுங்கள். உப்பிட்ட கருவாட்டுத் தூளைக் கொடுக்கலாகாது. உப்பு மிகுந்தாற் குஞ்சு மாளும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கும் நஞ்சேயாகும்.

குஞ்சுக்கு வைத்த தீனைப் பெரிய கோழிகள் தின்றுவிடுவது வழமை. மூன்று விரல் இடைவெளியில் மூங்கிற் சலாகை கட்டிய சிறு அடைப்பினுள் தீனை வைத்தாற் குஞ்சு மட்டும் நுழைந்து தின்னும்.

நோய்

வளவையே ஒரு வாரத்தில் வெறுமையாக்கும் நோய் இராணிக்கெற் ஆகும். 1926இல் யாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இந்நோய் அறியப்பட்டது. பின்னர் இந்தியாவின் இராணிகேத் என்னுமிடத்திற் கண்டமையால் நம் நாட்டில் அப்பெயரால் வழங்குகின்றது. பச்சைநிறக் கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் திருகல், கால் சிறகு வழங்காமை ஆகியன அறிகுறிகள். இதற்கு மருந்தில்லை; தடுப்பு மருந்து மட்டுமே உண்டு. முதல் வாரமளவிற் கண்ணில் ஒரு துளியும், மூன்று நான்கு வாரத்தில் மீண்டும் ஒரு துளியும் இடுதல் பொதுவான முறை. பின்னர் இடவேண்டிய காலத்தை அரசாங்க மிருக வைத்திய அதிகாரியிடம் கேட்டறிக.

இம்மருந்து 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருத்தல் வேண்டும்; கரைத்தபின் இரண்டொரு மணி நேரத்துள் முடித்துவிடல் வேண்டும். ஒரு குப்பியிலோ நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான மருந்து இருக்கும். பத்துக் குஞ்சுக்காக ஒருவர் தனியே குப்பியைத் திறப்பது வீண். ஆகவே ஒழுங்கையிலுள்ள வீட்டார் யாவரும் ஒரு நாளைக் குறித்து, எல்லாக் கோழிகளையும் முதல் நாளிரவே அடைத்து வைத்து, விடியற்காலையில் ஒருங்கே மருந்திடுதல் வேண்டும். ஒரு வீடு தவறினாலும் நோய்க்கு ஒரு வாசல் திறந்ததாகும்.

நோய் கண்டதும் மிஞ்சிய கோழிகளை அவசரமாகச் சந்தைக்கு அனுப்புவோர் உளர். அவர் பெறுவது சில நூறு ரூபா. அயலூர்க் குடும்பங்கள் இழப்பதோ வளவு முழுவதையும். நோயுற்றதை விற்கவும் வேண்டாம். அயலாருக்குக் கொடுக்கவும் வேண்டாம். இறந்ததை வாய்க்காலில் எறியாது, ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு இடுங்கள்.

குருதி கலந்த கழிச்சல் மூன்று முதல் ஆறு வார வயதிற் காணப்படின் அது பெரும்பாலும் கொக்சிடியா நோய். ஈரமான உமியிற் பெருகும். உமியை உலர்ந்ததாக வைத்து உடனே மருந்து பெறுக. அம்மை நோயை நுளம்பு பரப்பும். தேங்கிய நீரை அகற்றுதலும் தடுப்பு மருந்திடுதலும் வேண்டும்.

தோட்டமும் குஞ்சும்

கத்தரி, மிளகாய், கீரைப் பாத்திகளைக் கோழி கிளறாதபடி வேலி அடையுங்கள். கிருமிநாசினி தெளித்த பாத்தியிலும், மருந்து புரட்டிய விதைநெல் கிடக்கும் இடத்திலும் குஞ்சை விடலாகாது. கூட்டின் எருவைப் பச்சையாக இட்டாற் செடி கருகும்; வைக்கோலும் சருகும் சேர்த்து மக்கவைத்து இடுங்கள். அது மரக்கறிக்கு உயர்ந்த பசளையாகும்.

தாயைப் பிரித்தலும் கணக்கெழுதலும்

தாய்க்கோழி இயல்பாக இரண்டு மாதத்துக்கு மேலும் குஞ்சுடன் திரியும், அக்காலத்தில் முட்டையிடாது. இறகு முளைத்த குஞ்சுகளை நான்காம் வார முடிவிற் பிரித்து, இரவில் ஒருங்கே அடைத்துத் தீன் கொடுத்தால், தாய் விரைவில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும்.

கூட்டருகே ஒரு பலகையில் அடை வைத்த நாள், இறங்கிய குஞ்சு, இறந்த குஞ்சு, இறந்த காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். அவ்வேலையைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். தான் பெயரிட்டு வளர்த்த குஞ்சு செத்ததென்று பிள்ளை அழும். அதனைத் தடுக்க முடியாது. ஆனால் "காகம் 2, மழை 1, நோய் 0" என அப்பிள்ளை எழுதிய கணக்கே அடுத்த அடைக்கு நீங்கள் வலையடிக்க வேண்டுமா, கூரை வேய வேண்டுமா என்பதைத் தெரிவிக்கும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. மழைக்காலத்தில் அடை வையாதீர்கள். பொங்கலின் பின் வையுங்கள்.
2. முதல் இரண்டு வாரம் கரப்பின்கீழ் அல்லது வலைக்கூட்டில் வளருங்கள்.
3. உப்பிட்ட மீனும் பூஞ்சணம் பிடித்த தீனும் வேண்டாம்.
4. ஒழுங்கை முழுவதும் ஒரே நாளில் இராணிக்கெற் தடுப்பு மருந்து இடுங்கள்.
5. நோய்க்கோழியை விற்காதீர்கள், செத்ததைப் புதையுங்கள்.
6. நான்காம் வாரத்தில் தாயைப் பிரியுங்கள், கணக்கு எழுதுங்கள்.

மேலும் அறிய விரும்புவோர் தமது பகுதி மிருக வைத்திய அலுவலகத்தையோ விவசாயப் போதனாசிரியரையோ நாடுக.