நின்ற வண்டியில் நில்லாத வெப்பம்

இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்

முன்னுரை

சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளை நாடிச் செல்வது வெப்பத்தின் இயல்பாகும். அடுப்பை அணைத்த பின்னும் தோசைக்கல் தன் சூட்டை உடனே விட்டுவிடுவதில்லை. கடைசித் தோசை அந்தச் சூட்டிலேயே வெந்துவிடுவதை நம் வீடுகளில் காண்கிறோம். இந்த எளிய உண்மையே இன்று சாலையில் ஓடும் டீசல் வண்டிகளில் ஒரு பெரிய சிக்கலாக உருவெடுத்திருக்கிறது. எஞ்சின் நின்ற பின் புகைக்குழாயில் தங்கிய வெப்பம் என்ன செய்கிறது? அதைத் தணிப்பது எவ்வாறு? நாம் யாவரும் அறிந்த அழகர்மலைப் பாதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை ஆராய்வோம்.

புகையைத் தூய்மையாக்கும் கருவிகள்

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897இல் தம் எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். வலிமையும் சிக்கனமும் உடைய அந்த எஞ்சினுக்குப் புகை ஒரு தீராத குறையாகவே இருந்து வந்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் ஸ்டேஜ் 6’ விதிகள் நடைமுறைக்கு வந்தன. நான்காம் நிலையிலிருந்து, ஐந்தாம் நிலையைத் தாண்டி, நேரே ஆறாம் நிலைக்கு நாடு சென்றது. கனரக வண்டிகள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளின் வரம்பு, நிலையான ஓட்டச் சோதனையில், ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராமிலிருந்து 0.4 கிராமாகக் குறைக்கப்பட்டது.

இதனால், நாம் பொதுவாகச் ‘சைலன்சர்’ என்று சொல்லும் பகுதி இன்று ஒரு சிறிய இரசாயனத் தொழிற்சாலையாக மாறிவிட்டது எனலாம். அதில் மூன்று அறைகள் உண்டு. முதல் அறையில் பிளாட்டினம் போன்ற வினையூக்கிகள் கார்பன் மோனாக்சைடையும் எரியாத எண்ணெய் ஆவியையும் ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. இரண்டாம் அறையில் தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி கரித்துகளைப் பிடித்து வைக்கிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரித்தாக வேண்டும். மூன்றாம் அறைக்கு முன்னே 32.5 சதவீத யூரியாக் கரைசல் ஓர் ஊசிக்குழல் வழியாகத் தெளிக்கப்படுகிறது. யூரியா வெப்பத்தால் சிதைந்து அம்மோனியாவைத் தருகிறது. அம்மோனியா நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கேடற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது.

வயலுக்கு இடும் யூரியாவை நீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அது தகாது. நம் நாட்டு உர யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. அந்தப் பூச்சும் பிற கலப்புகளும் ஊசிக்குழலை அடைத்து வினையூக்கியைக் கெடுத்துவிடும்.

எஞ்சின் நின்றதும் நிகழ்வது

ஊசிக்குழலின் முனை கொதிக்கும் புகையை நோக்கியிருக்கிறது; பின்புறத்திலோ மின்கம்பிச் சுருளும் பிளாஸ்டிக் இணைப்புகளும் உள்ளன. வண்டி ஓடும்போது அதை இரண்டு ஓட்டங்கள் காக்கின்றன. ஒன்று, எஞ்சினிலிருந்து சுற்றிவரும் குளிர்விப்பு நீர். மற்றொன்று, ஊசிக்குழலின் உள்ளே பாயும் யூரியாக் கரைசல். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்த கணத்தில் இரண்டும் ஒருங்கே நின்றுவிடுகின்றன. குழாய்ச் சுவரும் பீங்கான் கூடும் சேமித்து வைத்த வெப்பம் மட்டும் நிற்பதில்லை. அது கடத்தலாலும் கதிர்வீச்சாலும் ஊசிக்குழலை நோக்கி வருகிறது. ஆகவே, வண்டி ஓடுகையில் இருந்ததைவிட, நின்ற பிறகே ஊசிக்குழல் அதிகச் சூடடைகிறது என்பது வியப்பான உண்மையாகும்.

அப்போது உள்ளே தேங்கிய கரைசலின் நீர் ஆவியாகிவிட, உப்பளத்தில் உப்புப் படிவதுபோல் யூரியா வெண்படிகமாகப் படிகிறது. யூரியாவின் உருகுநிலை 133 டிகிரி. அதற்கும் மேலே சூடேறினால் பையூரெட், சயனூரிக் அமிலம் போன்ற, எளிதில் கரையாத பொருள்கள் உண்டாகித் துளையை அடைத்துவிடுகின்றன.

ஒரு கணக்கு

சூடான பொருள் வெப்பத்தை இழக்கும் வீதம், அதற்கும் சுற்றுப்புறத்திற்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டிற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் கருத்தை நியூட்டன் 1701இல் வெளியிட்டார். நம் ஆய்வுக்கூடத்தில் கலோரிமானியை வைத்து நாம் சரிபார்ப்பதும் இவ்விதியையே. இதைப் புகைக்குழாய்க்குப் பொருத்திப் பார்ப்போம். குழாயின் வெப்பநிலை 400 டிகிரி, சுற்றுப்புறம் 30 டிகிரி, வேறுபாடு 10 நிமிடத்திற்கு ஒருமுறை பாதியாகிறது என்று கொள்வோம். தொடக்க வேறுபாடு 370. பத்தாம் நிமிடத்தில் குழாய் 215 டிகிரியிலும், இருபதாம் நிமிடத்தில் 122.5 டிகிரியிலும் இருக்கும். முப்பதாம் நிமிடத்தில்தான் அது 76 டிகிரிக்கு இறங்கும். அதாவது, ஓட்டுநர் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பி வரும்போதும் குழாய் நீரின் கொதிநிலைக்கு மேலேயே இருக்கிறது.

உயர்ந்த வெப்பநிலையில் நியூட்டன் விதி தோராயமானதே. ஸ்டீபன்–போல்ட்ஸ்மேன் விதிப்படி கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்தது. 673 கெல்வினில் உள்ள பரப்பு, 373 கெல்வினில் உள்ளதைவிட ஏறத்தாழ 10.6 மடங்கு கதிர்வீச்சை வெளியிடும். எனவே முதல் சில நிமிடங்களே மிகக் கடுமையானவை.

அழகர்மலைப் பாதையில்

மதுரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடகிழக்கே அழகர்கோவில் உள்ளது. சமவெளிச் சாலையில் வரும் வண்டிக்குச் சுமை குறைவு. ஆனால் கோட்டைக்குள் புகுந்து பழமுதிர்ச்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் செல்லும் சுமார் 4 கிலோமீட்டர் மலைப்பாதையில், எஞ்சின் தாழ்ந்த கியரில் முழுச் சுமையோடு ஏறுகிறது. புகை மிகச் சூடாகிறது; வண்டியோ மெதுவாகச் செல்வதால் காற்று வீச்சுக் குறைவு. மேலே சேர்ந்ததும் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிடுகிறார். வெப்பம் உச்சத்தில் இருக்கும்போதே குளிர்விப்பு நின்றுபோகிறது.

இறங்கும்போது நிலைமை நேர்மாறானது. எஞ்சினுக்கு எண்ணெய் செல்லாமல், வெறுங்காற்றே புகைக்குழாய் வழியாகத் தள்ளப்படுகிறது. அடிவாரத்தில் பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னே வந்து நிற்கும்போது குழாய் பெருமளவு தணிந்திருக்கும். ஆகவே காத்திருக்க வேண்டிய இடம் மலைமேல்தான். அடிவாரத்தில் அதற்குத் தேவை குறைவு.

இதை நான் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தையார் சுற்றுலா மினி பஸ் ஓட்டுநர். சென்ற ஆண்டு அவர் ஓட்டிய வண்டியின் ஊசிக்குழல் படிகம் கட்டி அடைத்துக்கொண்டது. “நிறுத்துன உடனே மெயின் சுவிட்சை அணைக்கிறீங்களாண்ணே?” என்று பட்டறைக்காரர் கேட்டார். ஆம், பேட்டரி இறங்காமலிருக்க அப்படித்தான் செய்து வந்தார். இருபதாண்டுப் பழக்கம் அது. பழுதுச் செலவில் ஒரு பங்கை உரிமையாளர் அவருடைய சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். வண்டியோடு வந்த கையேட்டில் இதற்கான எச்சரிக்கை இருந்தது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது.

தணிக்கும் வழிகள்

முதலாவது, அணைக்குமுன் சில நிமிடங்கள் எஞ்சினை வெறுமனே ஓடவிடுதல். டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது எண்ணெய் மிகக் குறைவாகவும் காற்று மிகுதியாகவும் செல்வதால், அதன் புகை குறைந்த சூட்டில் இருக்கும். அது பீங்கான் கூட்டின் வெப்பத்தை வாரிச் செல்லும். நீர்ப் பம்பும் சுழன்றுகொண்டிருக்கும். டர்போ சார்ஜரின் தாங்கியில் எண்ணெய் கருகிப்போகாமலிருக்கவும் இது உதவும். ஆனால் நெடுநேரம் ஓடவிட்டால் எண்ணெய் வீணாகும், வடிகட்டியில் கரியும் சேரும். இரண்டு மூன்று நிமிடங்கள் போதுமானவை.

இரண்டாவது, திருப்பி உறிஞ்சுதல். பல வண்டிகளில் எஞ்சின் நின்றபின் யூரியாப் பம்பு எதிர்த்திசையில் இயங்கி, குழாயில் எஞ்சிய கரைசலைத் தொட்டிக்கே இழுத்துக்கொள்கிறது. இதற்குப் பேட்டரி மின்சாரம் வேண்டும். மெயின் சுவிட்சை உடனே அணைத்தால் இவ்வேலை பாதியில் நின்றுவிடும்.

மூன்றாவது, வெப்பச்சலனம். சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலெழ, குளிர்ந்த நீர் கீழிறங்கி அவ்விடத்தை நிரப்பும். பழைய ஃபோர்டு மாடல் டி கார்களில் பெரும்பாலானவை இம்முறையிலேயே, பம்பு இன்றி, எஞ்சினைக் குளிர்வித்தன. ஊசிக்குழலைச் சுற்றியுள்ள நீரறையை இடையில் தாழாத குழாயால் உயரத்திலுள்ள தொட்டியோடு இணைத்தால், எஞ்சின் நின்ற பின்னும் நீர் தானே சுழலும். தொட்டியில் நீர் குறைந்தால் மட்டும் இச்சுழற்சி அறுந்துவிடும்.

முடிவுரை

விஞ்ஞானம் வகுப்பறையோடு நின்றுவிட்டால் அதனால் உழைப்பவனுக்குப் பயனில்லை. நாம் தேர்வுக்காகப் படிக்கும் குளிர்வு விதி ஓர் ஓட்டுநரின் சம்பளத்தைக் காக்கக்கூடியது. கையேட்டைப் படித்து, அதன் சாரத்தை ஒரு தாளில் நான்கு வரிகளாக எழுதினேன். தந்தையாரும் அவருடைய தோழர்களும் அதை வண்டியில் ஒட்டியிருக்கிறார்கள். அவை வருமாறு:

1. மலையேறி நின்றால் இரண்டு மூன்று நிமிடம் கழித்து எஞ்சினை அணைக்கவும்.

2. அணைத்தபின், கையேட்டில் சொல்லியுள்ள நேரம் பொறுத்தே மெயின் சுவிட்சை அணைக்கவும்.

3. காலையில் குளிர்விப்பு நீரின் அளவைப் பார்க்கவும்.

4. காய்ந்த சருகின் மீதோ புல்லின் மீதோ வண்டியை நிறுத்தக் கூடாது; அடியிலுள்ள சூடு தீயை மூட்டிவிடும்.

நான்காவது விதி பங்குனி, சித்திரை மாதங்களில் அழகர்மலைக் காட்டுக்கும் காவலாகும். நம் தோழர்களில் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் பலர் இருக்கக்கூடும். அவர்கள் இந்நான்கு வரிகளையும் எழுதி எடுத்துச் செல்வார்களாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வேன்.