பிள்ளைக்கும் ஒரு பாயளவு இடம்



மிளகாய்க் கன்று நடுவதற்கு முன் நாம் என்ன செய்கிறோம்? மண்ணைப் பொடியாக்கி நாற்றுமேடை போடுகிறோம். வெயிலும் அடைமழையும் தாக்காமல் மேலே கிடுகுப் பந்தல் கட்டுகிறோம். கன்று தேறிய பிறகே தோட்டத்துக்குக் கொண்டு போகிறோம். மேடை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கவனிப்பு இருந்தாற் போதும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் அப்படியொரு மேடை வேண்டும். வீட்டுக்குள்ளோ, தறப்பாள் கூடாரத்துக்குள்ளோ, பாடசாலை மண்டபத்தின் ஒரு மூலையிலோ அதனை எப்படி அமைக்கலாம் என்பதே இம்முறை நமது பாடம்.

கணக்கில் வராத இழப்பு

நமது வாவிக் கரைகளுக்கு இடம்பெயர்வு புதிதல்ல. 1990இல் ஓடினோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2007 மார்ச்சில் ஷெல் வீச்சுக்கு அஞ்சிப் படுவான்கரைக் குடும்பங்கள் எழுவான்கரைக்கு வந்து சேர்ந்தன. 2011 ஜனவரி வெள்ளம் வயலையும் வீட்டையும் மூடியது. ஒவ்வொரு முறையும் இழந்தவற்றைக் கணக்கெடுத்தோம்: விதைநெல், மாடு, வீடு, உறுதிப் பத்திரம். பிள்ளை இழந்த முற்றத்தை எந்தப் படிவத்திலும் நாம் எழுதவில்லை.

முற்றம் போனதும் பிள்ளையின் விளையாட்டும் போய்விடுகிறது. சமையல், படுக்கை, நோயாளி எல்லாம் ஒரே கூரையின் கீழ். வெளியே வெள்ளமும் கிணறும். "சும்மா இரு", "அசையாதே" என்று நாளுக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! பயத்தினாலேதான் சொல்கிறோம். ஆனால், நாட்கணக்காக ஒரு மூலையில் அசையாமல் இருக்கும் பிள்ளையை "நல்ல அடக்கமான பிள்ளை" என்று எண்ணி ஆறுதல் அடையக் கூடாது. வாடிய கன்றும் சத்தம் போடுவதில்லை.

விளையாட்டும் ஒரு தேவையே

மூன்று வயதாகும்போது பிள்ளையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் அளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. "ஊருக்குத் திரும்பிய பிறகு பார்ப்போம்" என்று இந்தக் காலத்தை ஒத்திவைக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒன்று முதல் நான்கு வயதுவரையான பிள்ளை நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும். தவழத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும்போது 30 நிமிடமாவது குப்புறக் கிடத்தி விளையாட விட வேண்டும். இரண்டு வயது நிறையும்வரை கைத்தொலைபேசி காட்டுவது நல்லதல்ல.

"வயிற்றுக்கே வழியில்லை, விளையாட்டுக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜமேக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில், 1986-87ஆம் ஆண்டுகளில், வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத ஏழைக் குழந்தைகள் 129 பேரை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதார ஊழியர் வாரம் ஒரு மணித்தியாலம் சென்று, வீட்டிலேயே செய்த பொருட்களைக் கொண்டு பிள்ளையோடு விளையாடத் தாய்மாருக்குப் பழக்கினர். இரண்டு வருடங்கள் இது நடந்தது. இருபது வருடங்களின் பின் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் அப்பயிற்சி கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருளல்ல, தாய் கூட இருந்து விளையாடியதே பயன் தந்தது.

நமது மண்ணிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 1996இல் மட்டக்களப்பில் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடிய ஓவியர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். போரினாற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே களிமண், வண்ணம், கதை, பாட்டு ஆகியவற்றோடு ஒன்றாகப் பழகினர். அவர்கள் பள்ளி வயதுப் பிள்ளைகள். ஆயினும், வாயாற் சொல்ல முடியாததைப் பிள்ளை கையாற் சொல்லும் என்ற பாடம் சிறு குழந்தைகளுக்கும் பொருந்தும்.

மேடை அமைப்போம்

1. இடம்: அடுப்பு, விளக்கு, வாசல் ஆகியவற்றுக்கு அப்பால் ஒரு பன்பாய் விரியுங்கள். பழைய சேலையொன்றைத் திரையாகக் கட்டலாம். அந்த நேரத்தில் அது பிள்ளையின் இடம். அரிசி மூட்டையை அங்கே வைக்க வேண்டாம்.

2. நேரம்: காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்தில் பாய் விரியட்டும். எல்லாம் குழம்பிய நாட்களில், மாறாத ஒன்று பிள்ளைக்குத் தைரியம் தரும்.

3. பொருள்: ஒரு வயதுக்குள் துணிப்பந்தும் மரக்கரண்டியும் போதும். ஒன்றிலிருந்து மூன்றுவரை, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கச் சிரட்டைகளும், புகுந்து வெளிவர ஒரு பெட்டியும் கொடுங்கள். அடுக்கும்போது பெரிது சிறிது விளங்கும். மூன்றுக்கு மேல் களிமண், பனங்காய் வண்டில், பெட்டி மட்டையில் எழுதக் கரித்துண்டு. களி பிசையும் விரலே நாளை பென்சில் பிடிக்கும். கடை வைத்து விளையாடும்போது எண்ணவும், முறை வரும்வரை காத்திருக்கவும் பழகுகிறது.

4. ஆள்: தாயோ, தந்தையோ, அம்மம்மாவோ கால் மணித்தியாலமாவது கூட இருங்கள். பொருளின் பெயரைச் சொல்லுங்கள். பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். பிள்ளை வெள்ளம் வந்ததாகவோ, வீடு எரிந்ததாகவோ விளையாடினால் அதட்ட வேண்டாம். மனதிலுள்ள பாரத்தை அது இறக்கி வைக்கிறது. வாரக்கணக்காக விளையாடாமலும் கதைக்காமலும் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை

குண்டுமணியும் ஆமணக்கு விதையும் பார்வைக்கு அழகு. மென்று விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புளியங்கொட்டை, சோகி போன்ற சிறியவற்றைக் கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைக்கும். கிருமிநாசினிப் போத்தலை எத்தனை முறை கழுவினாலும் அது விளையாட்டுப் பொருளாகாது. பொலித்தீன் பையை எட்டாமல் வையுங்கள். வாளித் தண்ணீரை மூடுங்கள். ஒரு சாண் நீரிலும் குழந்தை மூழ்கும். விளையாடி முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள், நுளம்பு பெருகாது.

கூடிக் கதைப்போம்

1. நாம் தங்கியிருக்கும் இடத்தில் பிள்ளைக்கென்று ஒரு பாயளவு இடம் உண்டா? இல்லையெனில் எதனை நகர்த்தலாம்?

2. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தால், முறை வைத்து யார் யார் பிள்ளைகளோடு இருக்கலாம்?

3. நாம் சிறுவயதில் மாரி மழைக்கு வீட்டுக்குள் இருந்து என்னென்ன விளையாடினோம்? அவற்றில் எதனை இன்று மாலையே நம் பிள்ளைக்குக் காட்டலாம்?