பேச்சின் நடுவே முகந்திருப்புதல்



சில மாதங்களுக்கு முன் ஒரு வாலிபர் குர்ஆன் தர்ஜமாவுடன் என் கடைக்கு வந்தார். "மாமா, பாத்திஹா சூராவில் முதலில் அல்லாஹ்வைப் படர்க்கையில் புகழ்ந்துவிட்டு, பாதியில் 'உன்னை' என்று முன்னிலைக்கு மாறுகிறதே, இது இலக்கணப் பிழை இல்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பர்ளுத் தொழுகையில் மட்டும் தினம் 17 ரக்அத்திலும் ஓதும் சூரா அது! வெட்கத்தோடு ஹஜ்ரத்திடம் போனேன். அவர்கள் சொன்னதைக் கடைக்காரன் பாஷையில் எழுதுகிறேன்.

பிழையல்ல. அரபு அணியிலக்கணத்தில் இதற்கு 'இல்திபாத்' என்று பெயர். முகத்தைத் திருப்புதல் என்பது பொருள். ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்து அவரிடமே திரும்புவதும், ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்து அவரை விட்டுத் திரும்புவதும் இதில் அடங்கும்.

நம் கடையிலேயே பாருங்கள். "அவர் நாணயமானவர், சொன்ன நாளில் பணம் தருபவர்" என்று ஒருவரைப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். அவரே படியேறி வருகிறார். உடனே "வாங்க, உங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்" என்கிறோம். இதைப் பிழை என்பாருண்டா? பாத்திஹாவும் அவ்வாறே. ரப்பின் குணங்களைச் சொல்லச் சொல்ல அடியானின் உள்ளம் நெருங்குகிறது. நெருங்கியதும் நேரில் பேசுகிறான். 'கஷ்ஷாப்' தப்ஸீரை எழுதிய ஜமக்ஷரீ (வபாத்து 1144) இந்தக் கருத்தைச் சொல்லியிருக்கிறார். பேச்சு இப்படித் திரும்பினால் கேட்பவர் கவனம் புதுப்படும் என்றும் சொல்கிறார்.

இதற்கு எதிர்த்திசையில் திரும்புவது யூனுஸ் சூராவின் 22ஆம் ஆயத்து. கடற்பயணத்தைக் கூறும் அந்த இடத்தில், கப்பலில் ஏறும்வரை 'நீங்கள்' என்று வருகிறது. கப்பல் நகர்ந்ததும், வாக்கியம் முடியுமுன்பே, 'அவர்கள்' ஆகிவிடுகிறது. புயலில் மனமுருகி துஆக் கேட்டவர்கள், கரையேறியதும் அக்கிரமம் செய்கிறார்கள். அவர்களுடைய நிலையைப் பிறருக்குச் சொல்லி வியக்கவைப்பது போன்றது இது என்கிறார் ஜமக்ஷரீ. கடனை வாங்கி மறந்தவரிடம், "நீங்கள் அன்று அழுதுகொண்டு வந்தீர்கள்" என்று தொடங்கி, பக்கத்திலிருப்பவர் பக்கம் திரும்பி, "இன்று இவருக்கு ஞாபகமே இல்லை, பாருங்கள்" என்போமே, அதைப் போல. ரஜூலா கப்பலில் பினாங்கு வந்திறங்கிய தகப்பன்மார்களின் பிள்ளைகளான நமக்கு இந்த ஆயத்து நன்றாகவே உறைக்க வேண்டும்.

தமிழுக்கும் இவ்வழக்கம் புதிதல்ல. பசு வருவதை "அம்மா வந்தாள்" என்று சொன்னால் கண்டிப்பான இலக்கணத்தில் அது வழு. உவப்பினால் சொன்னால் அதை வழுவமைதி என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது.

வாலிபருக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அவர் கேள்வி என்னை விடவில்லை. இத்தனை வருஷமாக அந்த இடத்தில் சொல் திரும்பியது. என் மனமோ கல்லாப் பெட்டிப் பக்கமே இருந்தது. இப்போது 'உன்னை' என்று வரும் இடத்தில் ஒரு மூச்சு நின்று ஓதுகிறேன். நீங்களும் இன்றைய மஃரிபில் செய்து பாருங்கள்.

வஸ்ஸலாம்.