இரண்டு விலைகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை. பாட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பளபளப்பான கையேடு கிடந்தது. அதன் பக்கத்தில், உள்ளூர்ப் படிப்பு ஒன்றுக்கான ஒப்பந்தத் தாள்கள் இருந்தன. கோமதி சித்தி இரண்டையும் மாறி மாறிப் படித்துக்கொண்டிருந்தார். உயர்நிலை மூன்றில் பயிலும் இளமாறன் எதிரே அமர்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

சித்தி வணிகவியல் பட்டதாரி. பத்து ஆண்டுகளாகக் கணக்காளராகப் பணியாற்றுகிறார். சென்ற ஆண்டு பாட்டியைப் பக்கவாதம் தாக்கியது. மூன்று வாரம் மருத்துவமனையில் பாட்டியின் அருகில் இருந்தபோது, தாதியரின் பணியைச் சித்தி நெருக்கத்தில் கண்டார். விழுங்கச் சிரமப்படுபவருக்கு எப்படி உணவூட்டுவது, படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்பவற்றை அவர்களிடம் கற்றுக்கொண்டார். வீடு திரும்பிய பிறகும், தாமும் தாதியாக வேண்டும் என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை.

சிங்கப்பூரில் தாதிமைப் பட்டயப் படிப்பை முடிக்கப் பொதுவாக மூன்று ஆண்டுகள் ஆகும். வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு இரண்டே ஆண்டுகளில் முடியும் விரைவுப் படிப்புகளும் உள்ளன. உடற்கூற்றியல், மருந்தியல், மருத்துவமனைப் பயிற்சி என எல்லாவற்றையும் குறுகிய காலத்தில் முடிக்க வேண்டும் என்பதால், படித்துக்கொண்டே வேறு வேலை பார்ப்பது கடினம்.

சித்தியின் முன் இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, ஆஸ்திரேலியாவில் பட்டதாரிகளுக்கென நடத்தப்படும் இரண்டு ஆண்டுத் தாதிமைப் பட்டப்படிப்பு. வெளிநாட்டு மாணவர் என்பதால் முழுக் கட்டணத்தையும் அவரே செலுத்த வேண்டும். இரண்டாவது, சிங்கப்பூரின் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டம். இதில் தேர்வாகிறவர்களுக்குப் படிப்புக் கட்டணம் செலுத்தப்படும். மாதந்தோறும் படித்தொகையும் கிடைக்கும். படித்து முடித்தபின், ஒப்பந்தப்படி சில ஆண்டுகள் பொது மருத்துவமனை போன்ற சுகாதார நிலையத்தில் பணியாற்ற வேண்டும். இத்திட்டத்தில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பும் உண்டு. நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியின் பட்டயப் படிப்பும் உண்டு. நேர்காணலுக்குப் பிறகு சித்திக்குக் கிடைத்தது பட்டயப் படிப்புக்கான இடம்.

“ஏற்கெனவே பட்டம் வாங்கியவர் மறுபடியும் பட்டயம் படிப்பதா?” என்று உறவினர் சிலர் கேட்டனர். அந்தக் கேள்வி சித்தியைக் குத்தியது. சேமிப்பில் இருந்த 90,000 வெள்ளியை எடுத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தார்.

“மாறா, உன் கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் மூடிவிட்டு, என் கணக்கைப் பார்,” என்றார் சித்தி.

இளமாறன் ஒரு தாளை எடுத்து எழுதினான். ஆஸ்திரேலியாவில் படிப்புக் கட்டணம் 80,000 வெள்ளி. தங்குமிடம், உணவு, பயணம் எல்லாம் சேர்த்து 50,000 வெள்ளி. மொத்தம் 130,000 வெள்ளி.

“இன்னும் முடியவில்லை. வேலையை விட்டால் என் சம்பளம் நின்றுவிடுமே!” என்றார் சித்தி.

மாதம் 4,000 வெள்ளி என்றால் 24 மாதத்திற்கு 96,000 வெள்ளி. மொத்தம் 226,000 வெள்ளியைத் தொட்டது. இளமாறன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டான். உள்ளூர்ப் படிப்புக்கோ கட்டணச் செலவு இல்லை. படித்தொகை சம்பளத்தைவிட மாதம் 1,500 வெள்ளி குறைவு. 24 மாதத்தில் இழப்பது 36,000 வெள்ளி.

“அப்படியென்றால் முடிவு தெரிந்துவிட்டதே, சித்தி!”

“அவசரப்படாதே. கட்டணம் இல்லை என்பதால் விலையே இல்லை என்று ஆகிவிடாது. இந்த ஒப்பந்தத்திற்கு நான் கொடுக்கும் விலை பணமன்று, ஆண்டுகள். இடையில் விலகினால், செலவான தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும்.”

மறுநாள் சித்தி, பாட்டியைக் கவனித்துக்கொண்ட மூத்த தாதி ஒருவரைச் சந்தித்தார். அவர் எந்தப் படிப்பு சிறந்தது என்று சொல்லவில்லை. “படித்து முடித்த பிறகு எங்கே வேலை செய்ய விரும்புகிறீர்கள்?” என்று கேட்டார்.

பிறகு அவரே விளக்கினார். சிங்கப்பூரில் தாதியாகப் பணியாற்ற, சிங்கப்பூர்த் தாதியர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் படித்தவர் திரும்பி வந்து விண்ணப்பித்தால், தகுதித் தேர்வு எழுத வேண்டியும் வரலாம். ஆஸ்திரேலியாவிலேயே தங்கிப் பணியாற்ற நினைப்பவருக்கு அந்நாட்டுப் படிப்பே நேரான வழி. இங்கே பணியாற்ற நினைப்பவருக்கு, மன்றம் அங்கீகரித்த உள்ளூர்ப் படிப்பு நேரான வழி. இங்கே பட்டயம் முடித்தவரும் பட்டம் முடித்தவரும் பதிவுபெற்ற தாதியர் ஆகலாம். பட்டதாரிக்குத் தொடக்கச் சம்பளம் கூடுதலாக இருக்கும். ஆயினும், பட்டயம் பெற்றவர் பின்னாளில் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் தாதிமைப் பட்டம் படிக்கவும் வாய்ப்பு உண்டு.

“எந்தப் படிப்பானாலும் சேரும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்,” என்றார் அந்தத் தாதி. “அதை எந்த மன்றம் அங்கீகரிக்கிறது? மருத்துவமனைப் பயிற்சி எத்தனை மணி நேரம்? ஒரு பாடத்தில் தோற்றால் என்ன நடக்கும்? இடையில் நிறுத்த நேர்ந்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால், கட்டணம் குறைவானாலும் அதிகமானாலும் கையொப்பமிடாதீர்கள்.”

அன்றிரவு சித்தி பாட்டியின் கட்டிலருகே நெடுநேரம் அமர்ந்திருந்தார். தாம் பணியாற்ற விரும்பும் இடம் எது என்பதில் அவருக்கு ஐயமில்லை. பாட்டியை விட்டு இரண்டு ஆண்டு பிரிந்திருக்கவும் அவருக்கு மனமில்லை. மறுநாள், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்தார். புரியாத இரண்டு விதிகளை அலுவலகத்தில் கேட்டு, விளக்கத்தை மின்னஞ்சலில் பெற்றார். அதன் பின்னரே கையொப்பமிட்டார்.

“கடைசியில் மலிவானதையே தேர்ந்தெடுத்துவிட்டீர்கள், சித்தி,” என்றான் இளமாறன்.

“இரண்டுமே மலிவில்லை, மாறா. இதன் விலையை என்னால் கொடுக்க முடியும். அவ்வளவுதான்.”

சிந்தித்து விடையளி

1. சித்தி தமது சம்பளத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்தது ஏன்?
2. ‘நான் கொடுக்கும் விலை பணமன்று, ஆண்டுகள்’ என்பதை உன் சொந்த வாக்கியத்தில் விளக்குக.
3. சித்தியின் இடத்தில் நீ இருந்தால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பாய்? இரண்டு காரணங்கள் தருக.