தாஜ்மகால் பெட்டியும் ஒரு கூட்டு வட்டிக் கணக்கும்

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 2008இல் தாஜ்மகால் கட்டுமானத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. 5,922 துண்டுகள், அமெரிக்காவில் விலை ஏறத்தாழ 300 டாலர். உற்பத்தி நின்றதும், பிரிக்கப்படாத பெட்டிகள் மறுவிற்பனையில் ஆயிரம் டாலருக்கும் மேல் விலைபோயின. பிள்ளைகள் கைபடாத பொம்மைக்குத்தான் இந்த மதிப்பு! 2017இல் நிறுவனம் அதனைச் சுமார் 370 டாலருக்கு மீண்டும் வெளியிட்டது. பழைய பெட்டிகளின் விலை சரிந்தது.

தட்டுப்பாடு இருவகைப்படும் என்பதை நாம் இங்கு உணர வேண்டும். 2015இல் கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில், ஐரோப்பாவின் தேவை முழுவதையும் நிறைவுசெய்ய இயலாது என லெகோவே அறிவித்தது. பண்டிகைக் காலத்தின் இத்தகைய பற்றாக்குறை, ஆலையிலிருந்து அடுத்த சரக்கு வந்ததும் தீரும். அதிக விலைக்கு வாங்கிக் குவித்தவரிடம் பெட்டிகள் தேங்கும். உற்பத்தி நிறுத்தத்தால் வரும் அருமை நீடிக்கக்கூடியது. ஆயினும் குடுமி உற்பத்தியாளர் கையில்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ரூ.25,000க்கு வாங்கிய பெட்டி 5 ஆண்டுகளில் ரூ.40,000க்கு விற்கிறது எனக் கொள்வோம். கூட்டு வட்டி முறையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9.9 விழுக்காடு. விற்பனைத் தளத்தின் கட்டணம், அனுப்புசெலவு, பொதிதல் ஆகியவற்றுக்கு ரூ.6,000 கழித்தால் 6.3 விழுக்காடுதான் மிஞ்சும். மூலை நசுங்கினாலோ ஈரம் பட்டாலோ அதுவும் குறையும். கடன் அட்டையில் வாங்கி நிலுவை வைத்தாலோ, மாதம் 3 விழுக்காடு வட்டியே ஆண்டுக்கு 36 விழுக்காடாகிவிடும். அவசரத்துக்கு வைப்புத்தொகையின் மீது கடன் பெறலாம். பொம்மைப் பெட்டியை வங்கியாளராகிய நாங்கள் ஈடாக ஏற்பதில்லை.