போலி முன்பணத்தை இனங்காணும் வழிகள்

பெங்களூருவில் இடைத்தரகர் இன்றித் தனித்து இயங்கும் பாலியல் தொழிலாளர்கள் யுபிஐ வழியாக முன்பணம் பெறும்போது, வராத பணத்தை வந்ததாகக் காட்டும் மோசடிக்கு ஆளாக நேர்வதால், பின்வருவன கவனிக்கத்தக்கவை.

• பணம் செலுத்தியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் போலிச் செயலிகள் நொடியில் உருவாக்கிவிடும் என்பதால், அதனையோ தனிநபர் கைபேசி எண்ணிலிருந்து வரும் குறுஞ்செய்தியையோ ஏற்காமல், வங்கிச் செயலியில் வரவைக் கண்ட பின்னரே சந்திப்பை உறுதிசெய்ய வேண்டும்.

• யுபிஐ பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் 12 இலக்கக் குறிப்பெண் உண்டு; அது அனுப்பியவர் காட்டும் படத்தில் இருப்பது சான்றாகாது, பெறுபவரின் கணக்கிலும் அதே எண் பதிவாகியிருக்க வேண்டும்.

• தவறுதலாகக் கூடுதல் தொகை அனுப்பியதாகக் கூறி மீதியைக் கேட்பவருக்கு, கணக்கில் வராத பணத்திலிருந்து எதையும் திருப்பித் தரலாகாது.

• பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணை இடுவதோ, எதிராளி அனுப்பும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வதோ தேவையில்லை. அவ்வாறு செய்தால் பணம் கைவிட்டுப் போகக்கூடும்.

• பணத்தை இழந்தவர் தாமதமின்றி 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைப்பின், தொகை பிற கணக்குகளுக்கு மாறுமுன் முடக்கப்பட வாய்ப்புண்டு.

பாலியல் தொழிலாளர்களைக் காவல்துறை கண்ணியத்துடன் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று உத்தரவிட்டுள்ளதால், புகார் அளிக்கத் தயங்க வேண்டியதில்லை.